ரெண்டு சீட்டு வண்டியில் பெட்ரோல் வாசனை

பெட்ரோல் வாசனை என்று நான் சொல்வேன், நாத்தம் என்று என் மனைவி சொல்வாள். எங்கள் வாழ்க்கையின் கடைசி இரண்டு வருடச் சண்டை இதில்தான் ஓடியது. எங்கள் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குள் அந்த வாசனை எங்கிருந்து வருகிறது என்று அவள் இருந்தவரைக்கும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் போன பிறகு கண்டுபிடித்தேன். என்ன பிரயோசனம்?

எனக்குப் பாப்பிரெட்டிப்பட்டியில் மோட்டார் காயில் கட்டும் கடை. கிணற்று மோட்டார், போர் மோட்டார் எல்லாம் கருகிப்போய் வரும். பிரித்து, செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பேன். எனக்குக் கார் வேலை தெரியாது என்று யாராவது சொன்னால் கோபம் வரும், தெரியும் என்று நானே சொன்னால் பொய். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துக்கு மோட்டார் மாட்டப் போன இடத்தில் இந்த வண்டி கொட்டகையில் கிடந்தது. அறுபதுகளில் சீமையில் செய்தது. சிவப்பு நிறம், தலைக்கு மேல் தகரத்துக்குப் பதில் மடக்குத் துணி, உட்கார இரண்டே இரண்டு சீட்டு. அதில் ஒரு சீட்டில் கோழி அடைக்குப் படுத்திருந்தது. பார்த்ததும் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. தோட்டத்துக்காரரிடம் பழைய இரும்பு விலைக்குப் பேசி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கினேன்.

மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தாள்.

"வேலியில போற ஓணானைப் புடிச்சு மடியில உட்டுக்கிட்ட கதையா இருக்குது. ரெண்டு சீட்டுதானா?"

"நமக்கு ரெண்டு போதாதா?" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே சுருக்கென்றது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஆனால் அவள் முகம் வாடவில்லை. கோழி எச்சத்தைப் பழைய துணியால் துடைத்துவிட்டு இடது பக்கத்துச் சீட்டில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"அப்ப இது என் சீட்டு. வேற எவளையாவது இதுல ஏத்துனீங்க, தெரியும் சேதி."

அந்த வண்டியை ஓட வைக்க எனக்குப் பல வருடம் ஆனது. ஊரில் சிரித்தார்கள். டீக்கடையில் ஒருத்தன், புள்ளகுட்டி இல்லாதவங்களுக்கு ரெண்டு சீட்டே தாராளம் என்று என் காதுபடவே சொன்னான். டம்ளரை அவன் மேல் வீசியடித்துவிட்டு வந்தேன். இன்றைக்கும் அந்தக் கடைக்கு நான் போவதில்லை. வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னபோது, "கம்முனு இருங்க, அவன் சொன்னது நெசந்தான? நம்ம ரெண்டு பேருக்குன்னே செஞ்சு அனுப்புனாப்புல இருக்குது," என்றாள். வண்டிக்கு அவள் வைத்த பெயர் சப்பட்டை.

சப்பட்டை ஓட ஆரம்பித்ததும் அவளுக்கு ஒரே ஒரு ஆசை. அவள் பிறந்தது ஏரியூர் பக்கத்தில் ஒரு கிராமம். கல்யாணமான நாளிலிருந்து அங்கே பஸ்ஸில்தான் போவோம், தருமபுரியில் இறங்கி மாறி, இடிபட்டு, நசுங்கி. ஓங்காளியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போனால் அவள் வயதுப் பெண்கள் எல்லாம் பிள்ளைகளையும் பேரன் பேத்தியையும் இழுத்துக்கொண்டு வருவார்கள். இவளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, ஏதாவது வைத்தியம் பார்த்தாயா என்று கேட்பார்கள். அம்பது வயதைத் தாண்டிய பிறகும் கேட்டார்கள்.

"அந்தக் கோயில் வாசல்ல சப்பட்டையில போயி எறங்கணுங்க. இத்தனை வருசமா என்னையப் பாத்து எல்லாரும் ஐயோ பாவம்னுதான் சொல்லியிருக்காங்க. ஒரு தடவையாச்சும் வயிறு எரியட்டும்," என்பாள்.

அழைத்துப் போகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அதற்குள் எனக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது. சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஏரியூரிலிருந்து என் கொழுந்தியா, மனைவியின் தங்கை, ஒத்தாசைக்கு வந்து இருந்தாள். நான் தேறி எழுந்து, முதல் தடவையாக வண்டியை வெளியே எடுத்த அன்றைக்குத்தான் உள்ளே பெட்ரோல் வாசனை அடித்தது.

முதலில் லேசாகத்தான் இருந்தது. வெயிலில் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு வந்து கதவைத் திறந்தால் போதும், மூஞ்சியில் அறைகிற மாதிரி வரும். நான் பொறுத்துக்கொள்வேன், கடையில் வார்னிஷும் கருகிய காயிலும் மோந்து மோந்து என் மூக்கு செத்துப்போன மூக்கு. அவள் மூக்கு அப்படியில்லை. பால் திரிவதற்கு முன்னாலேயே "பாலு கெடப்போவுது" என்று சொல்லிவிடுவாள். இரண்டு தெரு தள்ளி யார் வீட்டில் கருவாடு வறுக்கிறார்கள் என்று படுத்தபடியே சொல்வாள். அந்த மூக்கை வைத்துக்கொண்டு இந்த வண்டியில் அவளால் கடத்தூர் சந்தைக்குப் போய் வருவதற்கே முடியவில்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, தலையை வெளியே நீட்டிக்கொண்டு வருவாள்.

ஒரு தடவை துணிந்து ஏரியூருக்குக் கிளம்பினோம். பட்டுச் சேலை, தலை நிறையப் பூ. தருமபுரி தாண்டி, பென்னாகரம் ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தச் சொன்னாள். இறங்கி வாந்தியெடுத்தாள். அந்த ஆத்திரத்தில் வண்டி டயரை நான் எட்டி உதைத்ததில் என் கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. அவள் வாயைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"வண்டிய ஏங்க ஒதைக்கிறீங்க? நாத்தம் போனதும் கூப்புடுங்க, நான் வந்து ஏறிக்கிறேன். அதுவரைக்கும் பஸ்ஸே மேலு."

அன்றைக்குத் திரும்பி வந்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. அந்த வாசனையைப் பிடிக்க வேண்டும், அவளை உட்காரவைத்து ஏரியூர் போக வேண்டும். பெட்ரோல் ஊற்றுகிற மூடிக்கு ரப்பர் மாற்றினேன். டேங்கிலிருந்து இஞ்சினுக்குப் போகிற குழாய் முழுக்கப் புதிதாகப் போட்டேன். கார்பரேட்டரைப் பிரித்து, கழுவி, மாட்டினேன். கடத்தூரில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருத்தன் இருக்கிறான், பழைய புல்லட், அம்பாசிடர் எல்லாம் பார்ப்பான். அவனைக் கூட்டிவந்தேன். அவன் வண்டிக்கு அடியில் படுத்து எழுந்து, "இப்ப வர்ற பெட்ரோல்ல ஸ்பிரிட்டு கலக்குறாங்கண்ணா, பழைய ரப்பரைத் தின்னுடுது," என்றான். அதற்கென்று வேறு ரப்பர் வாங்கி எல்லாவற்றையும் மறுபடி மாற்றினோம். வாசனை அப்படியே இருந்தது.

"அண்ணா, பேசாம இதைக் குடுத்துட்டு ஒரு எருமை வாங்குங்க. நாத்தமடிச்சாலும் பாலாச்சும் கறக்கும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

டேங்க் அந்த வண்டியில் சீட்டுகளுக்குப் பின்னால் இருக்கிறது. இடையில் ஒரு கறுப்பு அட்டைப் பலகை மட்டும்தான். மூடியைத் திறக்கும்போதெல்லாம் புஸ்ஸென்று காற்று வரும். தருமபுரி வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அந்தப் பலகையைக் கழற்றிப் பார்த்துவிடலாம் என்று நான் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும்போதெல்லாம் அவள் தடுத்தாள்.

"அங்க இல்லீங்க. நான்தான் மோந்து பாத்தேனே. முன்னால இஞ்சின் பக்கந்தான் வருது."

அவள் மூக்கு சொன்னால் எனக்கு வேதவாக்கு. முன்பக்கம் போவேன். அவள் டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று, "எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை என்னாத்துக்குங்க காயுது?" என்று முனகுவாள். ஒரு தடவை நான் பிடிவாதமாக அவள் சீட்டைக் கழற்றப் போனேன். ஓடிவந்து அதில் உட்கார்ந்துகொண்டாள். எழுந்திரு என்றால் எழவில்லை.

"என் சீட்டைத் தொடாதீங்க. நான் இருக்கறவரைக்கும் இதைக் கழட்ட உடமாட்டேன்," என்றாள்.

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். கத்திவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன்.

போன கார்த்திகையில் ஒரு நாள் காலை, மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். தருமபுரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. எனக்கு நெஞ்சில் கம்பிச்சுருள் வைத்து, மாத்திரை மாத்திரையாய் விழுங்க வைத்து, உப்பைக் குறைத்து என்னை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தவள், தலைவலி என்றுகூட ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாள்.

மஞ்சள் பூசிக் குளிப்பாட்டி, நெற்றியில் பெரிய பொட்டு வைத்து, தலை நிறையப் பூ வைத்து, கூடத்தில் உட்கார வைத்தார்கள். வந்த பெண்கள் எல்லாம் ஒரே பாட்டுத்தான் பாடினார்கள். மகராசி, பூவோட பொட்டோட போயிட்டா. புண்ணியம் பண்ணுனவ. கொடுத்து வச்சவ. கேட்கக் கேட்க எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது.

"யாருக்கு என்னாத்தைக் கொடுத்து வச்சது? வாயை மூடுங்க எல்லாரும்!" என்று கத்தினேன்.

கூடம் அடங்கிப்போனது. மூலையில் உட்கார்ந்திருந்த கொழுந்தியா மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு இன்னும் அதிகமாக அழுதாள். அக்காவைப் பறிகொடுத்தவள், அழாமல் என்ன செய்வாள் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு வண்டிமேல் தார்ப்பாய் போர்த்திவிட்டேன். யார் உட்காரப் போகிறார்கள்? கடை, வீடு, ஓட்டல் சாப்பாடு. பங்குனி வெயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னவோ தோன்றி தார்ப்பாயை எடுத்தேன். கதவைத் திறந்ததும் பெட்ரோல் வாசனை குப்பென்று வந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. உன்னால்தானே என் பொண்டாட்டியை ஏரியூருக்குக் கூட்டிப்போக முடியாமல் போனது, இன்றைக்கு உன்னை விடுகிறேனா பார் என்று வண்டியோடு பேசிக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். தடுக்க ஆள் இல்லை. அவள் சீட்டைக் கழற்றி வெளியே வைத்தேன். அதற்குப் பின்னால் இருந்த கறுப்புப் பலகையைக் கழற்றினேன்.

டேங்கின் தலையில் விரல் பருமனில் ஒரு ரப்பர் குழாய் இருக்கிறது. டேங்க் மூச்சு விடுகிற குழாய் அது. வெயிலில் பெட்ரோல் ஆவியானால் அந்த ஆவி குழாய் வழியாக வண்டிக்கு வெளியே போய்விட வேண்டும். அந்தக் குழாயில் ஒரு மஞ்சள் துணி கட்டியிருந்தது. இறுக்கிக் கட்டிய முடிச்சு. அந்த இடத்தில் குழாய் நசுங்கி ஒட்டிப்போயிருந்தது. வெளியே போக வழியில்லாத ஆவி, பக்கத்தில் பெட்ரோல் அளவு காட்டுகிற மிதவையின் வாஷர் வழியாகக் கசிந்து, நேராக அவள் சீட்டின் முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது.

துணிக்குள் ஒரு ரூபாய்க் காசு. தொட்டுப் பார்த்ததுமே தெரிந்தது. எங்கள் பக்கத்தில் சாமிக்கு வேண்டிக்கொண்டால் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பார்கள். யாரை நினைத்து முடிந்தார்களோ அவருக்கு அது தெரியக்கூடாது, தெரிந்தால் பலிக்காது. பலித்த பிறகு அந்தக் காசைக் கோயிலில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

அது அவள் முடிச்சு. சந்தேகமே இல்லை. மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கை அப்படித்தான் துணியில் கட்டிக் கொடுப்பாள். கடையில் நான் அதை அவிழ்ப்பதற்குள் பசியே போய்விடும். கத்தரிக்கோலை எடுத்தேன் என்று தெரிந்தால் வீட்டில் திட்டு விழும். இப்போதும் கை கத்தரிக்கோலுக்குத்தான் போனது. எடுக்காமல், நகத்தால் கிள்ளிக் கிள்ளி அவிழ்த்தேன். முடிச்சு விட்டதும் குழாய் விரிந்து, டேங்க் நீளமாக ஒரு மூச்சு விட்டது.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. இதைப் பார்த்துவிடுவேன் என்றுதான் அவள் என்னை இஞ்சின் பக்கமே விரட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். ஆனால் தான் கட்டிய முடிச்சுதான் தன்னை வாந்தியெடுக்க வைத்தது என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது. பாவி மகள்.

கொழுந்தியாவுக்கு ஃபோன் போட்டேன்.

"வண்டிக்குள்ள மஞ்சத்துணி கட்டியிருக்குது. என்னம்மா இது?"



"பாத்துட்டீங்களா மாமா? உங்களுக்கு நெஞ்சுவலி வந்தப்ப கட்டுனதுங்க. அக்காதான் அந்த அட்டையைக் கழட்டுனா. நான் டார்ச் புடிச்சேன்."

"எனக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டாளா?"

"அது மட்டும்னா பரவால்லீங்களே மாமா." அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "உங்களுக்கு முன்னாடி அவ போயிடணும்னு வேண்டிக்கிட்டா. பூவோட பொட்டோட போயிடணும்னு. அவரு இல்லாத வூட்டுல ஒரு நாளுகூட என்னால இருக்க முடியாதுடி, புள்ளையா குட்டியா, யாரைப் பாத்துக்கிட்டு இருப்பேன்னா. சப்பட்டையில ரெண்டு சீட்டுதான் இருக்குது, மொதல்ல காலியாவறது என் சீட்டாத்தான் இருக்கணும்னா. அதுக்கோசரந்தான் அவ சீட்டுக்குப் பின்னாடியே கட்டுனா."

நான் வாசலில் கழற்றி வைத்திருந்த அந்தச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் திட்டுனேங்க மாமா. பலிச்சா பொங்க வைக்கிறேங்கற, நீ போயிட்டா எவடி வந்து பொங்க வைப்பான்னு கேட்டேன். சிரிக்கிறா. அவரு இருப்பாருல்ல, வந்து வைப்பாரு, என்னையத் திட்டிக்கிட்டே வைப்பாருன்னா."

ஃபோனை வைத்துவிட்டேன். அன்றைக்கு நான் பேசிய பேச்சை எழுத முடியாது. அவளைத் திட்டினேன். ஓங்காளியம்மனை அதற்கு மேல் திட்டினேன். இத்தனை வருடம் ஒரு பிள்ளை வேண்டும் என்று அவள் கெஞ்சியபோது காது கேட்காத சாமிக்கு, இது மட்டும் எப்படிக் கேட்டது? இவள்தான் என்னை ஒரு வார்த்தை கேட்டாளா? நானில்லாமல் அவளால் இருக்க முடியாதென்றால், அவளில்லாமல் என்னால் மட்டும் முடியுமா என்று யாராவது கேட்டார்களா?

அந்தக் காசு கடை மேஜை டிராயரில் கிடந்தது. பலித்த வேண்டுதலை வைத்துக்கொண்டிருக்கக்கூடாது என்று கொழுந்தியா மறுபடி மறுபடி ஃபோன் செய்தாள். போக மாட்டேன் என்றுதான் இருந்தேன். ஆனால் டிராயரைத் திறக்கும்போதெல்லாம், திட்டிக்கிட்டே வைப்பாரு என்று அவள் சொன்னது காதில் கேட்டது. அவள் சொல்லி நான் செய்யாமல் இருந்ததில்லை, முனகியாவது செய்துவிடுவேன். வாஷரை மாற்றி, சீட்டை மாட்டி, அதன்மேல் மஞ்சள் துணியை வைத்துக்கொண்டு ஏரியூருக்குக் கிளம்பினேன்.

வண்டிக்குள் வாசனை துளிகூட இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. பென்னாகரம் ரோட்டில் அந்தப் புளியமரம் வந்தபோது நிறுத்தினேன். இறங்கவில்லை. கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டு மறுபடி எடுத்தேன்.

கோயில் வாசலில் கொழுந்தியா பானையும் அரிசியும் வெல்லமுமாக நின்றிருந்தாள். வண்டியைப் பார்த்ததும், "இதுல வந்து எறங்குவேன்னு சொல்லிட்டே இருந்தா," என்று கதவைத் தடவிக் கொடுத்தாள். ஊர்ப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். அவள் பார்க்க ஆசைப்பட்ட வயிற்றெரிச்சல் ஒரு முகத்திலும் இல்லை. எல்லாரும் என்னைப் பார்த்து ஐயோ பாவம் என்றார்கள்.

நானே கல் கூட்டி, அடுப்பு மூட்டினேன். புகை கண்ணில் ஏறியது. உலை வைக்கத் தெரியாமல் தண்ணீரை அதிகமாக ஊற்றி, கொழுந்தியாவிடம் பேச்சு வாங்கினேன். கடைசியில் எப்படியோ பொங்கி வழிந்தது. துணியைப் பூசாரியிடம் நீட்டினேன். அவர் வேறு ஊரிலிருந்து புதிதாக வந்தவர், அவருக்கு எதுவும் தெரியாது. காசை உண்டியலில் சேர்ப்பதற்கு முன்னால் அங்கே ஒரு கேள்வி கேட்பது வழக்கம்.

"வேண்டுனது நல்லபடியா நடந்துச்சுங்களா?"

கொழுந்தியா தலையைக் குனிந்துகொண்டாள். பூசாரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடந்துச்சுங்க," என்றேன்.

"ஆத்தா கேட்டதைக் குடுக்குறவ," என்று சொல்லி என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார்.

வண்டிக்குத் திரும்பினேன். கதவைச் சாத்திக் கண்ணாடியை ஏற்றினேன். உள்ளே வெயில் கொதித்தது. மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தேன். பக்கத்துச் சீட்டுப் பக்கம் திரும்பி, "நாத்தம் போயிடுச்சு. வந்து ஏறு," என்று கூப்பிட்டேன்.